கடை வாசலில் ஓர் ஆள்

வெளியூர்க்காரர்களுக்குச் செஞ்சி என்றால் கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர்களின் 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களில் சேர்த்தது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்தது எங்கள் செஞ்சி ஒன்றுதான். பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் சுற்றுப்பட்டுக் கிராமங்களில் ஒருவர் காலையில் குளித்துவிட்டு "செஞ்சிக்குப் போயிட்டு வரேன்" என்று கிளம்பினால், மலை ஏறப் போகிறார் என்று யாரும் நினைப்பதில்லை. நெல்லையோ மல்லாட்டையையோ கமிட்டியில், அதாவது ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில், போடப் போவார். வெள்ளிக்கிழமையாக இருந்தால் சந்தைக்கு ஆடு ஓட்டிப் போவார். கையில் காசு வந்தால் காந்தி பஜாரில் துணி எடுத்துக்கொண்டு திரும்புவார். எங்கள் செஞ்சி அதுதான்.

அந்தக் காந்தி பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் நான் வேலை பார்த்தேன். தொண்ணூறுகளின் நடுவில், பன்னிரண்டாவது முடித்து, ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைக்கும்வரை. கடைகளில் பெண் பிள்ளைகளை வேலைக்கு வைக்கும் வழக்கம் அப்போதுதான் எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்தது. புடவைப் பக்கத்துக்கு இரண்டு பேர் போதும் என்று எடுத்தார்கள். தரை முழுக்க வெள்ளை விரிப்பு. சுவரோடு மரத் தட்டுகள். ஓரத்தில் கல்லா, அதில் முதலாளி. வாசல்படிக்கு உள்பக்கமாக ஒரு முக்காலி, அதில் ஒரு பெரியவர். நாங்கள் அவரை வாசல் தாத்தா என்போம்.

இளம் வயதில் அவர் துணி கிழிக்கும் வேலையில் இருந்தவர். மீட்டர் கோலால் அளந்து, கத்தரியை ஓரத்தில் ஒரு வெட்டு வைத்து, 'சர்'ரென்று ஒரே இழுப்பில் நூல் பிசகாமல் கிழிப்பாராம். முட்டி போய்விட்டதால் உட்கார்ந்து எழ முடியவில்லை. கடையை விட்டு அனுப்ப மனமில்லாமல் முதலாளி அவரை வாசலுக்கு மாற்றினார் என்று சொல்வார்கள். இரக்கத்தில் கொடுத்த வேலை என்றுதான் நானும் முதலில் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தீபாவளி வியாபாரம் பார்த்த பிறகுதான், கடையின் பாதி வியாபாரம் அந்த முக்காலியில் நடக்கிறது என்று புரிந்தது.

படியேறுகிறவரின் முகத்தை அவர் கடைசியில்தான் பார்ப்பார். முதலில் கால். பிறகு கையிலிருக்கும் பை. பிறகு இடுப்பு முடிச்சு. எந்த பஸ் வந்து நின்றிருக்கிறது என்பது அவருக்கு எப்போதும் தெரியும். அவலூர்பேட்டை பஸ்ஸா, மேல்மலையனூர் பஸ்ஸா, அனந்தபுரம் பஸ்ஸா என்று தெரிந்தால், அந்தப் பக்கத்தில் அறுப்பு முடிந்துவிட்டதா, ஏரியில் தண்ணீர் நிற்கிறதா என்பதும் தெரியும். கமிட்டியில் அன்று பணம் கொடுத்தார்களா, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்களா என்பதைக் காலையிலேயே டீக்கடையில் கேட்டு வைத்திருப்பார்.

"வா ஆயா, வா. குந்து மொதல்ல. யாருக்கு, பேத்திக்கா?"

ஆயா குந்தி மூச்சு வாங்குவதற்குள் எங்கள் பக்கம் திரும்பி, "பாப்பா, ஆயாவுக்கு நடுத்தட்டு காட்டு" என்பார். நடுத்தட்டு என்றால் நடுத்தர விலை. கீழ்த்தட்டு என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதற்குப் பதிலாக "புதுசா வந்த கட்டைப் பிரி" என்பார். விலை குறைந்த சரக்கு எப்போதும் எங்கள் கடையில் 'புதுசா வந்த கட்டு'தான். காசு குறைவாகக் கொண்டுவந்தவர் மற்றவர்கள் முன்னால் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய நிலை வரக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. முதலாளி சொல்லிக் கொடுத்ததா, தாத்தாவே உண்டாக்கியதா என்று தெரியாது. நாங்கள் யாரும் அதை மீறியதில்லை.

அவரிடம் நான் கற்ற பெரிய விஷயம் வேறு.

சில நாள் காலையில் இரண்டு மூன்று ஆண்கள் வேகமாக வருவார்கள். தலை வாரியிருக்காது. ஒருவர் மட்டும் படியேறுவார், மற்றவர்கள் கீழேயே நிற்பார்கள். தாத்தா அவர்களை "வாங்க" என்று கூப்பிட மாட்டார். முட்டியைப் பிடித்துக்கொண்டு முக்காலியிலிருந்து எழுந்து நிற்பார். எங்களைப் பார்த்து விரலை லேசாக அசைப்பார். கோடி எடுக்க வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். செத்தவருக்குப் போர்த்த, பிறந்த வீட்டுச் சீராகக் கொண்டுபோகும் துணி. பெண்ணா ஆணா என்று ஒரு வார்த்தை கேட்பார். சுமங்கலியா என்பதையும் அவரே மெல்லக் கேட்டுவிட்டு எங்களுக்குச் சைகை காட்டுவார். நாங்கள் ஒரு துணிதான் எடுத்துவைக்க வேண்டும். பத்தைப் பரப்பிக் காட்டக் கூடாது. "இன்னும் காட்டட்டுமா", "வேற ஏதாவது வேணுமா" என்ற கேள்விகள் வாயில் வரவே கூடாது. முதலாளி குறைத்துப் பில் போடுவார், பேரம் இல்லை. அவர்கள் இறங்கிப் போகும்போது "போயிட்டு வாங்க" என்று யாரும் சொல்ல மாட்டோம். வழக்கமாகக் கொடுக்கும், கடைப் பேர் போட்ட மஞ்சள் பையும் கிடையாது, காகிதத்தில் சுற்றித்தான் தருவோம். அவர்கள் தெருவில் இறங்கிய பிறகு தாத்தா செம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீர் தொட்டு வாசலில் தெளித்துவிட்டு உட்காருவார்.

முதல் தடவை இதைப் பார்த்த அன்று எனக்குக் கைகால் ஓடவில்லை. "பழகிக்கோ பாப்பா. கல்யாணத்துக்கு வர்றவங்க பத்துக் கடை ஏறி எறங்குவாங்க. இவங்க ஒரு கடைதான் ஏறுவாங்க. அந்த ஒரு கடையில நாம சரியா இருக்கணும்" என்றார்.

கோடி எடுத்துப் போன குடும்பம் ஒரு வருஷம் கழித்துத் தலை தீபாவளிக்கோ வளைகாப்புக்கோ எங்கள் கடைக்கே வரும். தாத்தா அவர்களை ஞாபகம் வைத்திருந்து, மற்றவர்களை விடச் சத்தமாகக் கூப்பிடுவார்.

அந்தக் காலம் எல்லாருக்கும் இப்படித்தான் இருந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஆளைப் பார்த்ததும் ஊரும் பயிரும் தெரிந்துகொள்கிற கண்ணுக்குச் சாதியும் தெரியும். எங்கள் கடையில் எல்லாரும் ஒரே விரிப்பில்தான் உட்கார்ந்தார்கள். தாத்தா அதில் கண்டிப்பாக இருந்தார். ஆனால் அதே பஜாரில் காலனிக்காரர்களைப் படியிலேயே நிறுத்தி, துணியைத் தூக்கிக் காட்டிவிட்டு, "தொடாத, எடுக்கறதுன்னா சொல்லு" என்று சொன்ன கடைகளை நான் பார்த்திருக்கிறேன். என்னோடு வேலை பார்த்த தோழியின் அம்மா, மகள் வேலைக்குச் சேரும்வரை எந்தக் கடைக்கு உள்ளேயும் போய் உட்கார்ந்ததில்லை என்று சொல்லியிருக்கிறார். வாசலில் ஆளை வைத்துக் கூப்பிடும் வழக்கம், கூப்பிடாமல் விடவும் பயன்பட்டது. ஆகவே கண்ணாடிக் கதவும், குளிர்சாதனமும், தானே எடுத்துப் பார்க்கும் அலமாரிகளும் செஞ்சிக்கு வந்தபோது நான் சந்தோஷப்பட்டேன். இப்போதும் அந்தச் சந்தோஷம் குறையவில்லை. யாரும் யாரிடமும் கேட்காமல் ஒரு சுடிதாரை எடுத்து உடம்பில் வைத்துக் கண்ணாடி முன் நின்று பார்க்கலாம். விலை அட்டையில் இருக்கிறது. எந்தத் தெருவிலிருந்து வந்தவருக்கும் அதே விலை.

முதலில் வந்தவை 'எது எடுத்தாலும்' கடைகள். பிளாஸ்டிக் குடம், வடிகட்டி, சீப்பு எல்லாம் ஒரே விலை. அப்புறம் மளிகையைக் கூடையில் எடுத்துப்போடும் சூப்பர் மார்க்கெட். சென்னையில் 1997-ல் சுபிக்ஷா தள்ளுபடி விலையில் மளிகையும் மருந்தும் விற்கத் தொடங்கி, நாடு முழுக்க 1,600 கடைகள்வரை போய், 2009-ல் பணமுடையில் மூடிக்கொண்டதைப் பத்திரிகையில் படித்தேன். அந்த அலை எங்கள் ஊரைத் தொடவில்லை. அதற்குப் பிறகு வந்த அலை தொட்டது. இப்போது திண்டிவனம் சாலையிலும் திருவண்ணாமலை சாலையிலும் பெரிய கட்டடங்கள் இருக்கின்றன. வருஷம் முழுக்க ஏதாவது தள்ளுபடி. எங்கள் காலத்தில் தள்ளுபடிக்கு ஆடி மாதம் மட்டும்தான். ஆடியில் கல்யாணம் கிடையாது, இருக்கிற காசு விதைக்கும் உழவுக்கும் போய்விடும். கடை ஈ ஓட்டும். தங்கிப்போன சரக்கைத் தள்ளிவிட்டால்தான் தீபாவளிக்கு முதல் போட முடியும். கோ-ஆப்டெக்ஸ்காரர்கள் தீபாவளிக்குத் தரும் தள்ளுபடிக்கும் ஒரு காரணம் உண்டு, நெசவாளிக்கு வேலை நிற்கக் கூடாது. இன்றைய தள்ளுபடிக்கு அப்படி ஒரு பருவம் கிடையாது.

வாசலில் ஆள் வைக்கும் வழக்கத்துக்கு அமெரிக்காவிலும் ஒரு கதை உண்டு. மலிவு விலைக்குப் பேர்போன வால்மார்ட் கடைகளில் 'கிரீட்டர்' என்று வாசலில் ஒருவர் நிற்பார். 1980-ல் லூசியானா மாநிலத்தில் க்ரௌலி என்ற சின்ன ஊரில் இது தொடங்கியது. அந்தக் கடையில் திருட்டு அதிகம். காவலாளியை நிறுத்தினால் நல்ல வாடிக்கையாளர் மனம் நோகும் என்று, வயதான ஒருவரை வாசலில் வைத்து வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார் மேலாளர். அந்தப் பக்கம் வந்த நிறுவனர் சாம் வால்டனுக்கு அது பிடித்துப்போய், எல்லாக் கடைகளுக்கும் கொண்டுபோனார். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தாத்தாதான் நினைவுக்கு வந்தார். அவரும் திருட்டைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை குழந்தைச் சட்டை ஒன்றை முந்தானைக்குள் செருகிக்கொண்டு படியிறங்கப் போன பெண்ணிடம், "அம்மாடி, சட்டைக்குக் காசு கட்ட மறந்துட்டியே, கல்லாவுல குடுத்துட்டுப் போ. இல்லன்னா தட்டுல வெச்சுட்டுப் போ, நாளைக்கு வந்து வாங்கிக்கலாம்" என்றார். அந்தப் பெண் தட்டில் வைத்துவிட்டுப் போனார். கடையில் வேறு யாருக்கும் எதுவும் தெரியாது. கதவருகே அலறும் இயந்திரத்தால் இதைச் செய்ய முடியாது.

அமெரிக்காவில் அந்த வாசல் வேலை பெரும்பாலும் வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கிடைத்துவந்தது. 2019-ல் ஏறக்குறைய 1,000 கடைகளில் அதை நிறுத்துவதாக வால்மார்ட் அறிவித்தது. புதிய பதவிக்கு 11 கிலோ எடையைத் தூக்கவும், ஏணியில் ஏறவும், நீண்ட நேரம் நிற்கவும் முடிய வேண்டும். சக்கர நாற்காலியில் இருந்தபடி வருஷக்கணக்கில் வணக்கம் சொன்னவர்களால் அது எப்படி முடியும்? அந்தந்த ஊர் மக்களே எதிர்ப்புக் காட்டிய பிறகு அவர்களுக்கு வேறு வேலை தேடித்தர நிறுவனம் கூடுதல் அவகாசம் கொடுத்தது. முட்டி போனவரை வாசலில் உட்காரவைத்த எங்கள் முதலாளியை அப்போது நினைத்துக்கொண்டேன். பெரிய படிப்பெல்லாம் இல்லாத மனிதர் அவர்.

எங்கள் கடை இப்போது இல்லை. தாத்தா காலமாகி வெகு நாளாகிறது. அவருக்குப் பிறகு அந்த முக்காலியில் யாரும் உட்காரவில்லை. முதலாளியின் பிள்ளைகள் சென்னைக்குப் போய்விட்டார்கள்.

என் சின்னம்மா ஓர் ஆடி மாதத்தில் இறந்துபோனார். கோடி எடுக்க வேண்டிய முறை என் மாமாவுக்கு. காலையில் நானும் அவரோடு பஸ்ஸில் வந்து இறங்கினேன். நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருந்த பெரிய கடைக்குள் நுழைந்தோம். வாசலில் பலூன் தோரணம். கம்பெனிச் சட்டை போட்ட ஒரு பெண் கைகூப்பி, ஒரே மூச்சில், "வணக்கம், வெல்கம், ஆடி ஆஃபர் நடந்துட்டிருக்கு, ஹாப்பி ஷாப்பிங்" என்றாள். மாமா நின்றுவிட்டார். தங்கையைப் பறிகொடுத்த முகத்தோடு அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் முகம் மாறியது. கூப்பிய கை அப்படியே நின்றது. நான் மாமாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனேன்.

ஒரு சிவப்புப் புடவை எடுத்துக்கொண்டு பில் போடுகிற இடத்துக்கு வந்தோம். அங்கிருந்த பையனுக்குத் திரையில் வரிசையாகக் கேள்விகள் இருக்கின்றன போலும். போன் நம்பர் கேட்டான். இன்னும் கொஞ்சம் ரூபாய்க்கு எடுத்தால் ஒன்று இலவசம் என்றான். "வேற எதுவும் வேணுமா சார்?" என்று கேட்டான். மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பையன் மேல் எனக்குக் கோபமில்லை. பத்தொன்பது, இருபது வயசு இருக்கும். கேட்காவிட்டால் அவனுக்குத்தான் திட்டு.

வெளியேறும் இடத்தில் பில்லில் ஓட்டை போட அதே பெண் நின்றிருந்தாள். வெளியே போகிறவர்களிடம் "தேங்க்யூ, மறுபடியும் வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் முறை வந்தது. பில்லை வாங்கி ஓட்டை போட்டாள். பைக்குள் பார்க்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் ஒரு அடி தள்ளி வழி விட்டாள். அவளுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். வீட்டில் பார்த்து வளர்ந்த பழக்கம் அது.

கருமாதி எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது அவளே ஓடி வந்தாள். "டீச்சர், என்னைத் தெரியலியா? உங்ககிட்ட எட்டாவது படிச்சேன்." தெரிந்துகொண்டேன். அன்றைக்குச் சத்தமாகக் கூப்பிட்டதற்கு வருத்தப்பட்டாள். "பார்த்ததுமே தெரிஞ்சுடுச்சு டீச்சர், ஆனா சொல்லித்தான் ஆவணும்" என்றாள். கம்பெனியிலிருந்து வாடிக்கையாளர் வேஷத்தில் ஆள் அனுப்புவார்களாம். மிஸ்டரி ஷாப்பர் என்று பேர். வாசலில் அந்த வாக்கியம் முழுதாகச் சொல்லப்பட்டதா, சிரித்த முகமாகச் சொன்னாளா என்று மார்க் போடுவார்கள். யார் வாடிக்கையாளர், யார் வேஷம் என்று தெரியாததால் எல்லாருக்கும் சொல்லியாக வேண்டும். போகும்போது எங்களிடம் சொல்லாமல் விட்டதற்கு ஒரு வாரம் பயந்துகொண்டே இருந்தாளாம். கேமரா இருக்கிறதே.

தாத்தாவிடம் இருந்த கண் இந்தப் பெண்ணிடமும் இருக்கிறது. அதை வேலையில் காட்ட அவளுக்கு உரிமை இல்லை. எனக்கு ஆற்றாமை அதில்தான். எல்லாருக்கும் ஒரே வணக்கம் என்ற நல்ல விஷயத்தைக் கொண்டுவந்தவர்கள், எந்த வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று பார்க்கிற மனசையும் அந்தப் பெண்ணிடமே விட்டிருக்கலாம். இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடுகிறவை இல்லை. எங்கள் கடையிலேயே இரண்டும் இருந்தன.

"எப்பதான் குந்துவே?" என்று கேட்டேன். காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பதுவரை நிற்கிறாள். சாப்பாட்டு நேரம் போக, பாத்ரூம் போகிறபோது கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருவாளாம்.

கடைத் தொழிலாளர்களின் இந்தக் கால்வலி 2010-ல் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படத்தில் வந்தபோது எல்லாரும் கண்கலங்கினார்கள். தமிழ்நாட்டில் உட்காரும் உரிமைக்குச் சட்டம் வர அதற்குப் பிறகும் 11 வருஷம் ஆனது. அந்தச் சட்டத்துக்கு முன் கேரளத்தில் ஒரு போராட்டம் நடந்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள், தையல் வேலை செய்துவந்த பி. விஜியின் தலைமையில் பெண்கூட்டு என்ற அமைப்பாகச் சேர்ந்து, முதலில் கழிப்பறை கேட்டார்கள், பிறகு உட்கார இடம் கேட்டார்கள். 2018-ல் கேரள அரசு அதைச் சட்டமாக்கியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டப்பேரவையில் மசோதா கொண்டுவர, 1947-ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் புதிய பிரிவு சேர்ந்தது. எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார அனுமதிக்க வேண்டும்.

அந்தப் பிரிவை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டுபோய் அந்தக் கடை மேலாளரிடம் கொடுத்தேன். சின்ன வயசு, மரியாதையானவர். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். எங்கள் பள்ளி ஆசிரியைகள் மூன்று பேரும் வேறு வேறு நாளில் போய் அதையே கேட்டார்கள். துணி எடுக்க வருகிறவர்கள் கேட்டால் கம்பெனிக்குக் கேட்கும் என்பது எங்கள் நம்பிக்கை.

போன மாதம் போனேன். கூடைகள் அடுக்கிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதன்மேல் டோக்கன் போட்ட பைகள். என் பழைய மாணவி வழக்கம்போல் நின்றுகொண்டிருந்தாள்.

"சேர் வந்துடுச்சு போல?"

"வந்துடுச்சு டீச்சர். கூட்டம் இல்லாதப்ப குந்தலாம்னு சொல்லியிருக்காங்க."

"கூட்டம் எப்ப இல்லாம இருக்கும்?"

கொஞ்சம் யோசித்தாள். "மலையனூர் அமாவாசை முடிஞ்ச மறுநாள் கொஞ்சம் கம்மியா இருக்கும்" என்றாள். பேசிக்கொண்டே பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழ்த்தட்டில் வைக்கத் தொடங்கினேன். அவளும் இரண்டு பையை எடுத்தாள்.